மூன்று ஊரும் ஒரு தொண்டையும்

"அங்கிள், உங்க இன்ஃப்ளுயன்ஸ் யாரு யாருன்னு சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை மைக்ல சொல்லணும்" என்று ஹேமா போனில் கேட்டபோது நான் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பெட்டியைக் கீழே வைக்காமலேயே, "மூணு ஊரு, ஒரு தொண்டை. எழுதிக்கோ" என்றேன்.

"பேரு கேட்டேன் அங்கிள்."

"அதாம்மா பேரு."

ஹேமா எங்கள் தெருவில் விசைத்தறி வைத்திருப்பவரின் மகள். இன்ஜினியரிங் முடித்துவிட்டு பெங்களூரு கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் தறி ஷெட்டில் சிநேகிதர்கள் மூன்று பேரோடு மெட்டல் வாசிக்கிறாள். வாரம் முழுக்க தறி போடுகிற சத்தத்துக்குப் பழகிய தெரு என்பதால் அக்கம்பக்கத்தில் யாரும் சண்டைக்கு வந்ததில்லை. நான் மேடையை விட்டு ஓய்வு பெறுகிறேன் என்று கேள்விப்பட்டதும் அதே ஷெட்டில் எனக்கு ஒரு பாராட்டு விழா வைக்கப்போவதாகச் சொன்னாள்.

போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். நான் பேனாவைத் தேடி எடுப்பதற்குள் விழாவே முடிந்துவிட்டது. ஆகையால் விழாவில் நடந்ததையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் ஏகாம்பரம். ஆரணிப் பக்கம் கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா என்று எங்கே இன்னிசைக் கச்சேரி நடந்தாலும், மேடையின் இடதுபக்க ஓரத்தில் கருப்பு கிடாரோடு ஒருவன் நின்றிருப்பான். முன்வரிசையில் இருக்கிறவர்கள் எல்லாம் பாடகியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் தன் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பான். அது நான்தான். குழுவில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லீடு கிடார் வாசிப்பதால் என் பெயரே 'லீடு' ஆகிவிட்டது.

கற்றுக்கொண்ட கதை சிறியது. எங்கள் வீட்டிலும் விசைத்தறி ஓடியது. அப்பா ஒரு தறியை எனக்கென்று ஒதுக்கினார். நான் வேலூரில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்த கிடாரை வாங்கி வந்து அந்தத் தறிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பழகினேன். தறி ஓடும்போது மெல்லிய கம்பிகள் காதில் விழவே விழாது. தடித்த கம்பிகளை அடித்தால்தான் எனக்கே கேட்கும். ஊரில் மற்றவர்கள் மேலே பாடும் கம்பியிலிருந்து ஆரம்பித்தார்கள் என்றால் நான் கீழே உறுமும் கம்பியிலிருந்து ஆரம்பித்தேன். அதற்குக் காரணம் ரசனை இல்லை, சத்தம்.

அந்தச் சமயத்தில்தான் என் சிநேகிதனின் அண்ணன் கப்பல் வேலையிலிருந்து லீவில் வந்தார். ஒரு பை நிறைய கேசட் கொண்டுவந்திருந்தார். எல்லாம் யாரோ யாரிடமிருந்தோ பதிவு செய்தவை. அட்டை இல்லை, ஒரு எழுத்துகூட இல்லை. யார் வாசிக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ராக் என்றும் மெட்டல் என்றும் அதற்குப் பெயர் இருப்பதே பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. ஆனால் ஒவ்வொரு கையும் வேறு வேறு கை என்பது ஒரு தடவை கேட்டதுமே புரிந்துவிட்டது. மனிதரின் முகத்தை மறைத்துவிட்டு நடையை மட்டும் காட்டினால் இன்னார் என்று சொல்லிவிடுகிறோம் இல்லையா, அந்த மாதிரி. ஆளுக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று நாங்களே வைத்தோம்.

முதலாமவர் களம்பூரார். வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிகள் மேல் லேசாக அமுக்கிக்கொண்டு, மேலிருந்து கீழாக மட்டுமே அடித்துக்கொண்டிருப்பார். கம்பி பாடாது, அரைக்கும். 'ஜுகு ஜுகு ஜுகு' என்று நெல் உமி பிரிகிற சத்தம். களம்பூர் ரைஸ்மில் வாசலில் நின்று கண்ணை மூடிக்கொண்டால் என்ன கேட்குமோ அதுதான். என் தறியின் தாளத்தோடு அப்படியே பொருந்திய கையும் அதுதான்.

இரண்டாமவர் முள்ளிப்பட்டார். இவரிடம் வேகம்தான் பிரதானம். மேலே ஒரு அடி கீழே ஒரு அடி என்று மாறி மாறி, பொடிப்பொடியாக, ஆனால் ஒன்றுகூடப் பிசகாமல் வாசிப்பார். முள்ளிப்பட்டு நெசவு வீடுகளில் பட்டு முந்தானைக்கு மயில் போடுகிறவர்களின் கையைப் பார்த்தவர்களுக்கு அவர் வாசிப்பு உடனே புரியும். ஒரு இழை விட்டால் மயிலுக்குக் கால் இருக்காது.

மூன்றாமவர்தான் என்னைச் சாய்த்தவர். படவேட்டார். அவர் அதிகம் வாசிக்கவே மாட்டார். மலையடிவாரத்துப் படவேட்டுக்குப் பஸ் வருகிற மாதிரி எப்போதாவது ஒரு ஸ்வரம் வரும். வந்தால் அவசரப்படாது. கம்பியை விரலால் குறுக்கே தள்ளுவார், அது மெல்ல மெல்ல மலை ஏறும். உச்சியில் போய் நின்றுகொண்டு லேசாக நடுங்கும். அந்த நடுக்கத்துக்காகவே கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போடுவேன்.

நான்காவதாக ஒருவர் இருந்தார். இரண்டு கையையும் கிடாரின் கழுத்தில் வைத்துக்கொண்டு தட்டுதட்டென்று தட்டுவார். டைப்ரைட்டிங் பரீட்சை ஞாபகத்தில் அவருக்கு 'லோயர் கிரேடு' என்று பெயர் வைத்தோம். அவர் வழிக்கு நான் போகவில்லை. டைப்ரைட்டிங்கிலேயே நான் பெயிலானவன்.

இந்த மூன்று ஊர்களையும் விரலில் வைத்துக்கொண்டுதான் வரதன் மாஸ்டர் குழுவில் சேர்ந்தேன்.

மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கார்டியன் வாசிப்பார், பிறகு கீபோர்டுக்கு மாறினார். ஒல்லியான மனிதர், தடித்த கண்ணாடி. மேடையில் யாரையும் ஒருநாளும் திட்டமாட்டார். யாராவது தப்பு செய்தால் சிரித்த முகத்தோடு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். அவ்வளவுதான். கண்ணாடி இறங்கிவிட்டால் மேடையில் பத்துப் பேரும் அவரவர் வாத்தியத்தைக் குனிந்து பார்த்துக்கொள்வோம். கச்சேரி முடிந்து இலை போட்டதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கிடார்காரனாக இருந்தால், "இன்னாபா, கைக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்பார். பாடுகிறவராக இருந்தால் தொண்டையின் உடம்பை விசாரிப்பார். அந்த விசாரிப்புக்குப் பிறகு வடை இறங்காது.

சுருதி சேர்ப்பது அவருக்குப் பூஜை மாதிரி. அக்கார்டியனில் ஒரே ஒரு கட்டையை அழுத்திக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். ஒவ்வொருவராகப் பக்கத்தில் போய்ச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிடார் எப்போதும் கடைசி. மேடை விளக்குகளைப் போட்டு, கம்பிகளில் சூடு ஏறித் தளர்ந்த பிறகு என்னை மட்டும் மறுபடி கூப்பிடுவார். "லைட்டுக்கு முன்னாடி சேத்த சுருதி லைட்டுக்கு அப்பறம் நிக்காதுப்பா" என்பார். இன்றைக்கும் நான் எந்த மேடையிலும் விளக்கு எரிந்து கொஞ்ச நேரம் ஆகாமல் கம்பியைத் தொடுவதில்லை.

என் ஊர்ப் பெயர்களை அவரிடம் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவரோ அதையே மேடை வழக்கமாக்கிவிட்டார். பாட்டின் நடுவில் குனிந்து, "களம்பூர்" என்பார், நான் அரைக்கத் தொடங்குவேன். "முள்ளிப்பட்டு" என்றால் பொடி வேலை. "படவேடு" என்றால் மலை ஏற வேண்டும். முன்வரிசையில் இருப்பவர்கள் அடுத்த கச்சேரி எந்த ஊரில் என்று பேசிக்கொள்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் இறங்கி வரமாட்டார். என்னிடம் காலால் அமுக்குகிற ஒரு பெட்டி இருந்தது. அமுக்கினால் கிடார் சத்தம் கிழிந்து, தடித்து, நெடுநேரம் நிற்கும். மெட்டலுக்கு உயிரே அதுதான். மாஸ்டர் அதற்குக் கரகரப் பெட்டி என்று பெயர் வைத்தார். "பாட்டுன்றது பாயசம்பா. அதுல போயி யாருனா மொளகாப்பொடி போடுவாங்களா?" என்றார். பெட்டியை மேடைக்குக் கொண்டுவரலாம், காலை வைக்கக்கூடாது. என் ஆம்ப்ளிஃபயரின் சத்தக் குமிழுக்கும் ஒரு எல்லை போட்டார். தன் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து சிவப்புப் பொட்டு ஒன்றை எடுத்து வந்து குமிழோரத்தில் ஒட்டிவிட்டு, "இதைத் தாண்டினா நீ தறிக்குப் போயிடலாம்" என்றார்.

இனி தொண்டைக்கு வருகிறேன்.

பவானி முள்ளிப்பட்டுப் பெண். நெசவுக்காரர் வீடு. குழுவில் பெண் குரல் அவளுடையதுதான். மேடையில் பாட அவள் அப்பா லேசில் சம்மதிக்கவில்லை. மாஸ்டர் இரண்டு மூன்று தடவை நேரில் போய்ப் பேசி, வேனில் தன் மனைவியையும் கூட்டி வருவதாகச் சொன்ன பிறகுதான் விட்டார். அவள் குரலில் இனிப்பு குறைவு, வலு அதிகம். எனக்கு அது பிடித்திருந்தது. வெளியே சொல்லவில்லை.

எங்கள் குழுவுக்கென்று ஒரு அம்மன் பாட்டு உண்டு. படவேட்டு அம்மன் மேல் மாஸ்டரே கட்டியது. அதில் 'தாயே' என்று ஒரு இடம் வரும். கீழேயிருந்து ஏறி உச்சியில் போய் நிற்க வேண்டும். ஒரு பாடகி தேறுவாளா மாட்டாளா என்பதை மாஸ்டர் அந்த ஒரு இடத்தை வைத்துத்தான் முடிவு செய்வார். பவானி அதை அநாயாசமாகப் பாடுவாள்.

ஒரு தை மாதம் அவளுக்கு டைபாய்டு வந்தது. படுக்கையிலிருந்து எழுந்து ஒத்திகைக்கு வந்தபோது குரல் எல்லா இடத்திலும் சரியாக இருந்தது, அந்த 'தாயே' மட்டும் வரவில்லை. உச்சிக்கு ஒரு படி கீழேயே நின்றுவிட்டது. மறுபடி பாடினாள், மறுபடி நின்றது. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "சரிம்மா, களம்பூர் ரிசப்ஷன் வரைக்கும் பாப்போம். அங்கயும் வரலன்னா வேலூர்ல ஒரு பொண்ணு இருக்குது, அதை வரச் சொல்லிடறேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

களம்பூருக்குப் போகிற வேனில் பவானி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள்: "இன்னிக்கு அந்த எடம் வரலன்னா அவ்ளோதான் லீடு சார். நாளைலருந்து ஊட்ல தார் சுத்திகினு இருக்க வேண்டியதுதான். எங்கப்பா மறுபடியும் வெளிய உடமாட்டாரு." தார் சுற்றுவது என்றால் தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற சிறு குச்சியில் ஊடை நூலைச் சுற்றுகிற வேலை. கேவலமான வேலை ஒன்றும் இல்லை, என் அம்மா செய்ததுதான். ஆனால் பாடுகிற ஒருத்தியை உட்கார வைக்கிற வேலையும் இல்லை.

"நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நீங்க எப்படிப் பாப்பீங்க? நீங்களா பாடப்போறீங்க?" என்றாள். வாய் முந்திக்கொண்டுவிட்டது.

இங்கே என் கம்பிகளைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. கிடார் கம்பி வியர்வை பட்டுப் பட்டு மங்கிப்போகும், சத்தத்தில் பளபளப்பு போய்விடும். புதுக் கம்பிக்குச் சென்னைக்குப் போக வேண்டும். என் மாமா சாயப்பட்டறையில் இருந்தார். பட்டு நூலைச் சாயத்தில் போடுவதற்கு முன்னால் சோப்பும் சோடாவும் போட்ட வெந்நீரில் வேகவைத்துப் பசையை எடுப்பார்கள். பசை போனால்தான் பட்டுக்கு மினுமினுப்பு. அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, கம்பிக்கும் அதே வைத்தியம் ஏன் பார்க்கக்கூடாது என்று தோன்றிவிட்டது. ஒரு பாத்திரத்தில் சோடாத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கம்பிகளைச் சுருட்டிப் போட்டேன். எடுத்து மாட்டினால் புதுசு மாதிரி கணீரென்றது! எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து மாதம் ஒருமுறை வேகவைத்தேன். பட்டைப் போல நிழலில் உலர்த்தவும் செய்தேன். இரும்பை ஈரத்தோடு நிழலில் உலர்த்தினால் துருப்பிடிக்கும் என்பது பட்டுக்காரன் மூளைக்கு எட்டவில்லை.

களம்பூரில் அது பழி வாங்கியது. ரைஸ்மில் முதலாளி வீட்டு வரவேற்பு. மண்டபம் நிரம்பி வழிந்தது. மூன்றாவது பாட்டிலேயே என் முதல் கம்பி, மேலே பாடும் மெல்லிய கம்பி, 'டிங்' என்று அறுந்து கன்னத்தில் அடித்தது. பையிலிருந்து மாற்றுக் கம்பியை எடுத்து மாட்டி முறுக்கினேன், அதுவும் அறுந்தது. அதுவும் அதே பாத்திரத்தில் வெந்ததுதானே! மாஸ்டர் என்னைப் பார்த்தார். கண்ணாடி இன்னும் மூக்கின் மேல்தான் இருந்தது. மிச்சம் ஐந்து கம்பி.

அந்த நேரம் பார்த்து மில் முதலாளியின் அம்மா முன்வரிசை சோபாவிலிருந்து சொல்லி அனுப்பினார்: பந்தி ஆரம்பிப்பதற்குள் அம்மன் பாட்டு வேண்டும். அவர்களுக்குப் படவேட்டு அம்மன் குலதெய்வம். மாஸ்டர் அக்கார்டியனை நிமிர்த்தினார். பவானி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மைக்குக்கு வந்தாள்.

பல்லவி நன்றாக வந்தது. சரணமும் வந்தது. பிறகு அந்த ஏற்றம். மாஸ்டர் குனிந்து மெதுவாக, "படவேடு" என்றார்.

அந்த ஒரு நொடியை இன்றைக்கும் விரலில் உணர்கிறேன். நான் முந்திக்கொண்டு உச்சி ஸ்வரத்தை வாசித்துவிட்டால், அவள் எட்டியிருந்தாலும் எட்டாதது போல் ஆகிவிடும். அவள் எட்டிவிடலாம். எட்ட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். அதனால் காத்திருந்தேன். அவள் ஏறினாள், ஏறினாள், கடைசிப் படிக்குக் கீழே குரல் நின்றது. கண்கள் என் பக்கம் திரும்பின.

முதல் கம்பி இருந்திருந்தால் உச்சியில் நேராகப் போய் நின்றிருப்பேன். இல்லை. இரண்டாவது கம்பியில், அவள் குரல் நின்ற அதே ஸ்வரத்தில் விரலை வைத்தேன். சாதாரணச் சத்தத்தில் வைத்தால் அது இரண்டு மூச்சுக்குள் செத்துவிடும், மனிதக் குரல் மாதிரி நிற்காது. நிற்க வைக்க ஒரே வழிதான் இருந்தது. காலை வைத்தேன். கரகரப் பெட்டி விழித்துக்கொண்டது. அவள் குரலுக்கு அடியிலிருந்து கிடார் கிளம்பி, கம்பியைக் குறுக்கே தள்ளத் தள்ள மெல்ல மேலே ஏறியது. முதல் கம்பியைவிடத் தடித்தது, சுலபத்தில் வளையாது. மோதிர விரலுக்குப் பின்னால் இன்னும் இரண்டு விரலைக் கொடுத்துத் தள்ளினேன். மிகவும் தாமதமாக, ஆனால் சரியாக, அந்த 'தாயே'வின் உச்சியில் போய் நின்றது. நின்று நடுங்கியது. பவானி மூச்சு வாங்கிக்கொண்டு, இறங்குகிற இடத்தில் வந்து சேர்ந்துகொண்டாள். எங்கே குரல் முடிந்தது, எங்கே கம்பி தொடங்கியது என்று மண்டபத்தில் யாருக்கும் தெரியவில்லை.

கைதட்டல் அடங்குவதற்குள் சோபாவிலிருந்து மில் முதலாளியின் அம்மா எழுந்து நின்று, "இன்னொரு வாட்டி!" என்றார்.

இன்னொரு வாட்டி! என் விரல் நுனி எரிந்துகொண்டிருந்தது. பவானி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த டைபாய்டுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். மறுபடி வாசித்தோம். அவள் அதே படியில் நின்றாள், நான் அதே மாதிரி காத்திருந்து, அதே மாதிரி தாமதமாக ஏறினேன். பந்திக்குப் போனவர்கள் பாதி வழியில் திரும்பி வந்தார்கள். முடிந்து நிமிர்ந்து பார்த்தால் மாஸ்டரின் கண்ணாடி மடியில் இருந்தது.

சரி, தறிக்குப் போக வேண்டியதுதான் என்று முடிவு செய்துகொண்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். மாஸ்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எதிர்வரிசையில் பவானி சாப்பிடாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாபா, கைக்கு ஒடம்பு சரியில்லியா?"

"கம்பி அறுந்துபோச்சு மாஸ்டர்."

"அதான் பாத்தேனே. அதைக் கேக்கல. அந்த எடத்துல ஏன் அவ்ளோ லேட்டா வந்த?"

பொய் சொல்ல வரவில்லை. "அவங்க வர்றாங்களான்னு பாத்துகினு இருந்தேன் மாஸ்டர்" என்றேன்.

மாஸ்டர் கொஞ்ச நேரம் பாயசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைலருந்து அந்த எடத்தை மொதக் கம்பி இல்லாமயே வாசி. லேட்டாவே வா" என்றார். எதிரே பார்த்து, "ஏம்மா, நீ தொண்டை டாக்டராண்ட போயி காட்டு. வேலூருக்கு நானே இட்டுகினு போறேன். பாடறதுக்கு இல்ல, காட்டறதுக்கு" என்றார். பவானிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. வேனில் சாமான் ஏற்றும்போது என் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தேன். சிவப்புப் பொட்டு குமிழோரத்தில் ஒரு விரற்கடை மேலே ஏறி ஒட்டியிருந்தது.

டாக்டர் சொன்னபடி அவள் சில மாதம் உரக்கப் பேசாமல் இருந்தாள். எங்கள் குழுவிலேயே மிகவும் சந்தோஷமான காலம் அது என்று டிரம்ஸ்காரர் கேலி செய்வார். மேடையில் மெதுவான பாட்டுகளை மட்டும் அவளுக்குக் கொடுத்தார் மாஸ்டர். அம்மன் பாட்டில் அந்த இடம் வந்தால் அவளுக்குப் பதிலாக என் கம்பி உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. பிறகு குரல் திரும்பியது, முன்னைவிட உறுதியாக. அவள் உச்சிக்குப் போனாலும் நான் கீழேயிருந்து தாமதமாக ஏறி அவளோடு சேர்ந்துகொள்வதை மாஸ்டர் விடச் சொல்லவில்லை. பாட்டுக்கே அது அடையாளமாகிவிட்டது. காலப்போக்கில் மற்றப் பாட்டுகளிலும் என் விரல் அப்படியே வர ஆரம்பித்தது. கம்பியை உடனே உச்சியில் வைக்காமல், கீழே நின்று, யாருக்கோ காத்திருக்கிற மாதிரி நின்று, பிறகு ஏறுவது. இதைத்தான் இப்போது ஹேமாவின் சிநேகிதர்கள் 'அங்கிள் பெண்ட்', அதாவது அங்கிளின் வளைப்பு, என்று சொல்லிப் பழகிப் பார்க்கிறார்கள். எத்தனை விநாடி தாமதம் என்று போனில் அளந்துகூடப் பார்த்தார்களாம்!

பவானிக்கும் எனக்கும் கல்யாணம் நடந்ததை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மாஸ்டர்தான் பெண் கேட்டுப் போனார். எங்கள் வரவேற்பில் கச்சேரி வைக்க ஆள் இல்லை, ஏனென்றால் கச்சேரிக்காரர்கள் எல்லாரும் பந்தியில் இருந்தோம்.

ஹேமா ஒருநாள் என் பழைய கேசட்டைக் கேட்டுவிட்டு, போனைத் தடவி, களம்பூராரின் நிஜப் பெயர், முள்ளிப்பட்டாரின் நிஜப் பெயர், படவேட்டாரின் நிஜப் பெயர் எல்லாவற்றையும் காட்டினாள். மூவரும் உலகமே கும்பிடும் ஆட்களாம். படத்தில் நீள முடியும் காது வளையமுமாக நன்றாகவே இருந்தார்கள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. களம்பூரார் வெள்ளைவேட்டியும் மில் தவிடு படிந்த தலையுமாக இருப்பார் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஓய்வுக்குக் காரணம் இடதுகை மோதிர விரல். மடக்கினால் மாட்டிக்கொள்கிறது, நிமிர்த்தினால் டக்கென்று விடுகிறது. அத்தனை வருஷம் கம்பி தள்ளிய விரல், அதுவும் ஓய்வு கேட்கிறது. வருத்தம் ஒன்றும் இல்லை. வாசிக்க வேண்டியதை வாசித்தாயிற்று.

விழா அன்று காலையில் பவானி என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே, "அந்தப் பாட்டு வேணாங்க. வெரலு மாட்டிக்கும்" என்றாள். அவள் மேடையை விட்டு ஏழெட்டு வருஷம் ஆகிறது. யாரும் நிறுத்தவில்லை. "போதும், இனிமே நான் ஒக்காந்து கேக்கணும்" என்று அவளாகவே நிறுத்திக்கொண்டாள்.

"நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"அப்பயும் இதேதான் சொன்னீங்க" என்றாள்.

தறி ஷெட்டில் தறிகளுக்கு நடுவே நாற்காலி போட்டிருந்தார்கள். பாதி நெய்த புடவைகளின் மேல் துணி மூடியிருந்தது. வரதன் மாஸ்டரை அவர் பேரன் காரில் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைத்தான். கைத்தடி வந்திருக்கிறது, கண்ணாடி இன்னும் தடித்திருக்கிறது, காது மட்டும் அப்படியே. பக்கத்தில் பவானி. ஹேமா மைக்கில், "இவரோட இன்ஃப்ளுயன்ஸ் மூணு ஊரு, ஒரு தொண்டை" என்று சொன்னதும் ஷெட்டே சிரித்தது. நான் களம்பூரை வாசித்தேன். ஹேமாவின் டிரம்ஸ்காரர் புரிந்துகொண்டு கூடவே அரைக்க ஆரம்பிக்க, எங்கள் தெருப் பெரியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி தலையை ஆட்டினார்கள். மாஸ்டரும் ஆட்டினார்! முள்ளிப்பட்டும் ஒருவாறு ஒப்பேறியது.

பிறகு அம்மன் பாட்டு. பாடுவதற்கு யாரும் இல்லை, கிடார் மட்டும். ஹேமா தன் கிடாரில் கீழே சுருதி பிடித்துக்கொண்டு நின்றாள். பல்லவி, சரணம், ஏற்றம். அந்த இடம். இரண்டாவது கம்பியில் விரலை வைத்துத் தள்ளினேன். பாதி வழியில் மோதிர விரல் மாட்டிக்கொண்டது. கம்பி உச்சிக்கு ஒரு படி கீழே நின்றுவிட்டது. தள்ளவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. கரகரப் பெட்டியின் புண்ணியத்தில் அந்த ஸ்வரம் அங்கேயே நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் அது மேலே போகும் என்று காத்திருந்தார்கள்.

ஒரு கணம், இன்னொரு கணம். முன்வரிசையிலிருந்து, மைக் இல்லாமல், உட்கார்ந்த இடத்திலேயே ஒரு குரல் என் கம்பி நின்ற ஸ்வரத்தைத் தொட்டது. தொட்டு, மெதுவாக, மிகவும் தாமதமாக ஏறி, 'தாயே' என்று உச்சியில் போய் நின்றது. குரலில் வயது தெரிந்தது, வலு அப்படியே இருந்தது. நான் விரலை விடுவித்துக்கொண்டு, இறங்குகிற இடத்தில் போய்ச் சேர்ந்துகொண்டேன். ஹேமா கிடாரைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். நானும்தான், மறைக்க என்ன இருக்கிறது.

கைதட்டல் ஓய்ந்ததும் பார்த்தேன். மாஸ்டரின் கண்ணாடி மடியில் இருந்தது. என்னைப் பார்க்கவில்லை அவர். பக்கத்தில் திரும்பி, பவானியிடம்தான் கேட்டார்.

"இன்னாம்மா, ஏன் அவ்ளோ லேட்டா வந்த?"

பவானி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அவரு வர்றாரான்னு பாத்துகினு இருந்தேன் மாஸ்டர்."